ஓடினால் எலும்பு தேயுமா, தேறுமா?

வயது 34. தினமும் ஓடுகிறேன். "இப்படியே ஓடினால் எலும்பு தேய்ந்துவிடும்" என்று வீட்டில் பயமுறுத்துகிறார்கள். உண்மையா?

தேய்மானம் என்று அவர்கள் சொல்வது மூட்டுக் குருத்தெலும்பை. எலும்பின் கதை வேறு. ஓடும்போது பாதம் தரையில் படும் ஒவ்வொரு முறையும் உடல் எடையைப்போல இரண்டு, மூன்று மடங்கு விசை காலில் ஏறுகிறது. எலும்பு கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது. அந்த வளைவை உள்ளிருக்கும் செல்கள் உணர்ந்து, அங்கே புது எலும்பு சேர்க்க வைக்கின்றன. அதிர்வு படும் இடம்தான் வலுக்கும் என்பதால் இடுப்புக்கும் காலுக்கும்தான் அதிக லாபம். கைக்கும் முதுகுக்கும் வாரம் இரண்டு நாள் எடை தூக்குங்கள்.

மாரத்தானுக்காக வாரம் 90 கி.மீ. ஓடுகிறேன். எடை குறைய இரவுச் சாப்பாட்டை விட்டேன். மூன்று வாரமாக முன்னங்காலில் வலி. ஓடி ஓடிச் சரியாக்கலாமா?

வேண்டாம், தயவுசெய்து இன்றே நிறுத்துங்கள். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பை விரல் நுனியால் மெல்ல அழுத்திக்கொண்டே வாருங்கள். நீளவாக்கில் பரவலாக வலித்தால் பெரும்பாலும் எலும்பு உறையின் எரிச்சல். ஒரு விரல் அகல இடத்தில் மட்டும் 'சுரீர்' என்றால் எலும்பில் நுண்விரிசல் இருக்கலாம். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் அது தெரியாமல் போகும், எம்.ஆர்.ஐ. தேவைப்படலாம்.

எனக்கு அதைவிடக் கவலை, நீங்கள் விட்ட சாப்பாடு. செலவழிக்கும் சக்திக்கு ஈடாக உணவு வராவிட்டால் உடல் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனைக் குறைத்துவிடும். ஆணின் எலும்பைக் காக்கும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனும் அதிலிருந்துதான் உருவாகிறது, அதுவும் குறையும். பெண்களுக்கு மாதவிலக்கு நின்று எச்சரிக்கை வரும். ஆண்களுக்கு அப்படி வெளிப்படையாக எதுவும் இல்லை. காலை விறைப்பும் தாம்பத்திய ஆசையும் குறைந்திருக்கிறதா என்று மருத்துவரிடம் கூச்சப்படாமல் பேசுங்கள். கால்சியம் மாத்திரை மட்டும் இதைச் சரிசெய்யாது.

ஓட்டத்துக்குப் பதில் சைக்கிள் போதுமா?

இதயத்துக்குப் போதும். எலும்புக்குப் போதாது, எடையை சீட் தாங்கிக்கொள்கிறது.

வயது 61. இனிமேல் தொடங்கிப் பயன் உண்டா?

உண்டு. அடர்த்தி பெரிதாக ஏறாது. இழப்பு மெதுவாகும், கீழே விழாமல் நிற்கும் பலம் வரும். முன்பு லேசான விழுதலில் எலும்பு முறிந்திருந்தாலோ, நெடுநாள் ஸ்டீராய்டு எடுத்திருந்தாலோ முதலில் எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் பாருங்கள். இல்லையென்றால் வேகநடை, நடுநடுவே ஒரு நிமிட ஓட்டம். எலும்பு ஒரு சுற்று புதுப்பித்துக்கொள்ளவே மூன்று, நான்கு மாதம் ஆகும். தூரத்தை அவசரமாகக் கூட்டாதீர்கள்.