கண் அழுத்த நோய்: எந்தச் சொட்டு யாருக்கு?

கிளாகோமா எனப்படும் கண் நீர் அழுத்த நோய்க்கான சொட்டு மருந்துகள் பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகளும் பதில்களும்.

அப்பாவுக்கு 64 வயது. கண் பிரஷர் 26 என்று சொல்லி, தினமும் இரவில் ஒரு சொட்டு லட்டனோபிராஸ்ட் எழுதிக் கொடுத்தார்கள். எதிர்வீட்டுப் பெரியவருக்கும் இதே நோய்தான். அவர் டிமோலால் போடுகிறார், விலையும் குறைவு. நாங்களும் அதற்கு மாறிக்கொள்ளலாமா? — வாசகி, கும்பகோணம்

கண்ணுக்குள் ஒரு நீர் ஓயாமல் ஊறிக்கொண்டும் வடிந்துகொண்டும் இருக்கிறது. ஊறுவதற்கும் வடிவதற்கும் கணக்குச் சரியாக இருந்தால் அழுத்தம் பெரும்பாலும் 10 முதல் 21-க்குள் நிற்கும். டிமோலால் அந்த ஊற்றைக் குறைக்கிற மருந்து. லட்டனோபிராஸ்ட் ஊற்றைத் தொடுவதில்லை, நீர் வடிகிற வழியைத் தளர்த்திவிடுகிறது. ஒரே நோய்க்கு இரண்டு வேறு வேலைகள்.

டிமோலால் அழுத்தத்தை ஏறக்குறைய 20 முதல் 25 சதவீதம் குறைக்கும். லட்டனோபிராஸ்ட் 25 முதல் 33 சதவீதம் வரை குறைக்கும். உங்கள் அப்பாவின் 26-ஐ வைத்துப் பார்த்தால், முன்னதில் 20, 21 என்று நிற்கும்; பின்னதில் 18, 19 வரை இறங்க வாய்ப்புண்டு. பார்வை நரம்பு ஏற்கெனவே பாதிக்கப்பட்டிருந்தால் இந்த இரண்டு எண் வித்தியாசம் சாதாரணமல்ல.

அதைவிட முக்கியம் இரவு. நாம் தூங்கும்போது அந்த நீர் ஊறுவது தானாகவே பாதியளவுக்குக் குறைந்துவிடுகிறது. ஆகவே அந்த நேரத்தில் டிமோலாலுக்குக் குறைக்க அதிகம் மிச்சம் இருப்பதில்லை. படுத்திருக்கும் நிலையில் கண் அழுத்தம் ஏறவும் செய்யும். லட்டனோபிராஸ்ட் வகை மருந்துகள் பகல் இரவு இரண்டிலும் வேலை செய்யும். நாளுக்கு ஒரு வேளை என்பதால் மறப்பதும் குறைவு. 1978 முதல் அமெரிக்காவில் முன்னணியில் இருந்த டிமோலாலை, 1996-ல் வந்த லட்டனோபிராஸ்ட் பின்னுக்குத் தள்ளியது இதனால்தான்.

அதற்கும் பக்க விளைவு உண்டு. கண் சிவக்கும். இமை முடி நீண்டு அடர்த்தியாகும். கண்ணைச் சுற்றித் தோல் கறுக்கும். மேல் இமைக்கு மேலே குழி விழும். இது இதே வகையைச் சேர்ந்த பைமாட்டோபிராஸ்டில் கொஞ்சம் அதிகம். ஒரு கண்ணுக்கு மட்டும் போடுகிறவர்களுக்குத்தான் இது பளிச்சென்று தெரியும். கருவிழிப் படலத்தின் நிறம் மாறும் என்று அட்டையில் எழுதியிருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நம்முடையதைப் போன்ற அடர் பழுப்புக் கண்ணில் அது கண்ணுக்குத் தெரியும்படி மாறுவது அபூர்வம்.

விலைதான் பிரச்சினை என்றால், அதே லட்டனோபிராஸ்ட் வேறு கம்பெனியில் குறைவாகக் கிடைக்குமா என்று டாக்டரிடம் கேளுங்கள். கம்பெனியை மாற்றுவது வேறு, மருந்தை மாற்றுவது வேறு. எதை மாற்றினாலும் நான்கிலிருந்து ஆறு வாரத்துக்குள் பிரஷரை மறுபடி பார்த்தாக வேண்டும்.

அம்மாவுக்கு ஆஸ்துமா உண்டு, ஆனால் அடங்கியிருந்தது. இரண்டு மாதமாகக் கண்ணுக்கு டிமோலால் போடுகிறார். இப்போது படியேறினாலே இளைப்பு வருகிறது. கண்ணில் விடும் சொட்டுக்கும் இதற்கும் தொடர்பு இருக்குமா? — வாசகர், விருதுநகர்

நிச்சயம் இருக்கலாம். இன்றே கண் டாக்டரைக் கூப்பிட்டு "ஆஸ்துமா இருக்கிறது, இளைப்பு வந்திருக்கிறது" என்று சொல்லுங்கள். இந்தச் சொட்டை நிறுத்தி அதே கையோடு மாற்று மருந்து தொடங்க வேண்டும். மருந்தே இல்லாமல் கண்ணை விட்டுவிடக் கூடாது. மூச்சு விடவே சிரமம் என்றால் கண்ணை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கண்ணில் விட்ட சொட்டு கண்ணோடு நிற்பதில்லை. உள் மூலையில் இருக்கும் துவாரம் வழியாக மூக்குக்குள் இறங்கி, அங்கிருந்து நேரே இரத்தத்தில் கலக்கிறது. விழுங்கும் மாத்திரையாவது முதலில் கல்லீரலைத் தாண்ட வேண்டும். இதற்கு அந்தத் தடையும் இல்லை. டிமோலால் ஒரு பீட்டா பிளாக்கர், அதாவது அட்ரினலினின் வேலையைத் தடுக்கிற மருந்து, அதனால் மூச்சுக்குழாயைச் சுருக்கும், நாடித் துடிப்பைக் குறைக்கும். ஆஸ்துமா, நாள்பட்ட நுரையீரல் அடைப்பு, குறைந்த நாடித் துடிப்பு, இதயத்தில் மின் கடத்தல் அடைப்பு உள்ளவர்களுக்கு இது ஆகாது. இன்சுலின் போடுகிறவர்களுக்கு வேறொரு ஆபத்து: சர்க்கரை தாழும்போது வரும் படபடப்பை இது மறைத்துவிடும். இரத்த அழுத்தத்துக்கு இதே வகை அட்டினோலால், மெட்டோபுரோலால் சாப்பிடுகிறவர்கள் அதையும் கண் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. கண் அழுத்தத்துக்கான மற்றச் சொட்டுகளான டார்சோலமைடு, பிரிமோனிடின், லட்டனோபிராஸ்ட் மூன்றுமே டிமோலாலோடு கலந்து ஒரே பாட்டிலாகவும் வருகின்றன. வெளியே கம்பெனிப் பெயர் மட்டும் பெரிதாக இருக்கும். பொடி எழுத்தில் 'டிமோலால்' இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். இன்னொரு பீட்டா பிளாக்கர் சொட்டான பீட்டாக்சோலால் நுரையீரலுக்குச் சற்றுப் பரவாயில்லை, ஆனாலும் ஆஸ்துமாக்காரருக்கு அதையும் துணிந்து கொடுக்க முடியாது.

பிரிமோனிடின் ஐந்து மாதமாகப் போடுகிறேன். முதலில் ஒன்றும் இல்லை. இப்போது இரண்டு கண்ணும் சிவந்து பயங்கர அரிப்பு. மருந்துக்கடையில் அலர்ஜி சொட்டு கொடுத்தார்கள், போடலாமா? — வாசகர், ஈரோடு

போடாதீர்கள். கடையில் கேட்காமலே கொடுக்கும் 'அலர்ஜி சொட்டு' பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. அது கண் அழுத்தத்தையே ஏற்றும். நோய்க்கு வைத்தியம் செய்துகொண்டே நோயை வளர்ப்பதுபோல் ஆகிவிடும்.

பிரிமோனிடின் அலர்ஜி பெரும்பாலும் இப்படித்தான், மாதங்கள் கழித்து வரும். அதனால்தான் பலர் இந்த மருந்தைச் சந்தேகிப்பதே இல்லை. போட்டவுடன் சில நொடி எரிவது வேறு. நாள் முழுக்க அரிப்பும், கீழ் இமையை விலக்கினால் உள்ளே சிறு சிறு கொப்புளம்போல மேடுகளும் இருந்தால் அலர்ஜிதான். டாக்டரிடம் காட்டி மருந்தை மாற்றுவதே வழி. வாய் உலர்வதும் தூக்கம் சொக்குவதும் இந்த மருந்தின் குணம், வண்டி ஓட்டுகிறவர்கள் கவனிக்க வேண்டும். இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு இதைப் போடவே கூடாது, மூச்சே நின்றுபோகலாம். பாட்டிலைக் குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள்.

மாற்றாக டார்சோலமைடு அல்லது பிரின்சோலமைடு தரக்கூடும். டார்சோலமைடு அமிலத்தன்மை உள்ளதால் சுரீரென்று எரியும், வாயில் கசப்புத் தட்டும். பிரின்சோலமைடு எரிச்சல் குறைவு. ஆனால் பால்போன்ற கலவை, குலுக்கித்தான் விட வேண்டும், சில நிமிடம் பார்வை மங்கலாக இருக்கும். இவை இரண்டும் சல்ஃபா வகை என்பதால், சல்ஃபா மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எந்த மருந்து போட்டாலும் கண் உறுத்துகிறது என்றால் குற்றவாளி மருந்தாக இல்லாமல், கெடாமல் இருக்கச் சேர்க்கும் பென்சால்கோனியம் குளோரைடாகவும் இருக்கலாம். அது சேர்க்காத சொட்டுகளும் கிடைக்கின்றன.

2.5 மில்லி பாட்டில் 20 நாளிலேயே தீர்ந்துவிடுகிறது. கம்பெனி அளவைக் குறைக்கிறதா? ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டுமா? — வாசகி, மதுரை

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு சொட்டு சுமார் 0.03 மில்லி. 2.5 மில்லியில் ஏறக்குறைய 80 சொட்டு. இரு கண்ணுக்கும் இரவில் ஒவ்வொன்று என்றால் மாதத்துக்கு 60, கைதவற 20 மிச்சம். 20 நாளில் தீர்கிறது என்றால் ஓர் இரவுக்கு நான்கு சொட்டு போகிறது. இரண்டாவது சொட்டு விட்டால் பலன் கூடாது, கன்னத்தில்தான் வழியும். இமைக்குள் அத்தனை இடமில்லை.

கையைக் கழுவுங்கள். தலையைப் பின்னால் சாய்த்து அல்லது மல்லாந்து படுத்து, கீழ் இமையை விரலால் இழுத்துச் சின்னப் பை மாதிரி ஆக்குங்கள். நுனி கண்ணிலோ இமை முடியிலோ படாமல் அந்தப் பைக்குள் ஒரே சொட்டு. கண்ணை மென்மையாக மூடி, மூக்கை ஒட்டிய உள் மூலையை விரலால் இரண்டு மூன்று நிமிடம் அழுத்திக்கொள்ளுங்கள். படபடவென்று சிமிட்டினால் மருந்து மூக்குக்குப் போய்விடும். இரண்டு மருந்து இருந்தால் நடுவில் குறைந்தது ஐந்து நிமிடம் விடுங்கள், இல்லாவிட்டால் இரண்டாவது முதலாவதைக் கழுவிவிடும். கை நடுங்கினால் முஷ்டியை நெற்றியில் ஊன்றிக்கொண்டு விடுங்கள். சொட்டு கண்ணுக்குள் விழுந்ததா என்று தெரியாதவர்கள் பாட்டிலைக் குளிர வைத்துப் போட்டால் சில்லென்று உணர்வார்கள்.

பல லட்டனோபிராஸ்ட் தயாரிப்புகளைத் திறக்கும்வரை 2 முதல் 8 டிகிரியிலும், திறந்த பின் 25 டிகிரிக்கு மிகாமலும் வைக்க வேண்டும். மதுரை வெயிலில் வீட்டுக்குள் 25 டிகிரி எங்கே இருக்கிறது? திறந்த பின்னும் ஃப்ரிட்ஜ் கதவிலேயே வையுங்கள், ஃப்ரீசரில் வேண்டாம், ஸ்கூட்டர் டிக்கியில் வேண்டவே வேண்டாம். குளிர் தேவையில்லாத தயாரிப்புகளும் உண்டு, லேபிளைப் பாருங்கள். திறந்த தேதியைப் பாட்டிலில் எழுதிவைத்து, லேபிள் சொல்லும் கெடு முடிந்ததும் மிச்சம் இருந்தாலும் தூக்கிப்போடுங்கள்.

ஒருநாள் மறந்தால் மறுநாள் இரட்டிப்பாகப் போடக் கூடாது. லட்டனோபிராஸ்டை நாளுக்கு ஒன்றுக்கு மேல் போட்டால் பலன் குறையவே வாய்ப்பு.

சொட்டே இல்லாமல் லேசரில் முடித்துக்கொள்ள முடியுமா? — வாசகர், திருநெல்வேலி

கண் நீர் வடிகிற மூலை திறந்தே இருக்கும் 'திறந்த கோண' வகை என்றால் கேட்கத் தகுந்த கேள்விதான். நீர் வடிகிற வழியைச் சீராக்கும் எஸ்.எல்.டி. என்ற லேசரை முதல் சிகிச்சையாகச் செய்து பார்த்த பிரிட்டன் ஆய்வின் முடிவு 2019-ல் வந்தது. மூன்றாண்டு கழித்தும் நான்கில் மூன்று பங்குக்குச் சற்றுக் குறைவானவர்கள் சொட்டின்றியே இலக்கு அழுத்தத்தில் இருந்தார்கள். நிரந்தரமல்ல, திரும்பச் செய்ய வேண்டி வரலாம், பரிசோதனையும் நிற்காது. மூடிய கோண வகைக்கு வேறு லேசர், அதை இதனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

செக்கப் போகும் அன்று காலைச் சொட்டைப் போடாமல் இருக்க வேண்டுமா? — வாசகி, சேலம்

வழக்கம்போல் போட்டுவிட்டே போங்கள், எத்தனை மணிக்குப் போட்டீர்கள் என்று சொல்லுங்கள். முந்தைய வாரங்களில் விட்டுப்போன நாட்களையும் ஒளிக்காதீர்கள். செக்கப்புக்கு நான்கு நாள் முன்பு மட்டும் ஒழுங்காகப் போட்டால் பிரஷர் நன்றாக இருக்கும், சுற்றிலும் எவ்வளவு தூரம் பார்க்க முடிகிறது என்று பார்க்கும் பார்வைப் புலப் பரிசோதனையோ மோசமாகிக்கொண்டே போகும். டாக்டர் மருந்து போதவில்லை என்று நினைத்து இன்னொரு பாட்டிலையும் எழுதிவிடுவார்.