பியானோ தின்ற விரல்கள்: கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சென்ற வாரம் இன்ஸ்டாகிராமில் அரை நிமிடக் காணொளி ஒன்று கண்ணில் பட்டது. பியானோ வாசிக்கும் பெண்ணின் விரல்களை அந்தப் பியானோவே கடித்துத் தின்கிறது. பின்னால் ஓர் எலும்புக்கூடு ஆடிக்கொண்டிருக்கிறது. 1977இல் வெளிவந்த ‘ஹவுஸ்’ என்ற ஜப்பானியப் படம் என்று கீழே எழுதியிருந்தார்கள். தேடிப் பிடித்து முழுப் படத்தையும் பார்த்தேன். உடன் பார்த்த என் அண்ணன், ‘விட்டலாச்சார்யா படம்போல இருக்கிறது, இதையா இப்படிக் கொண்டாடுகிறார்கள்?’ என்று பாதியில் எழுந்து போய்விட்டார். நானும் சிரித்துக்கொண்டேதான் பார்த்தேன். ஆனால் படம் முடிந்தபின் ஏதோ ஒரு துக்கம் இரண்டு நாட்கள் மனத்தைவிட்டு அகலவில்லை. அது எங்கிருந்து வந்தது? இதை நல்ல படம் என்று சொல்லலாமா, அல்லது வேடிக்கையாகப் பார்த்துவிட்டு மறந்துவிட வேண்டியதுதானா?

எம்.,
திருச்சி

அன்புள்ள எம்.,

உங்கள் அண்ணன் எழுந்து போனதில் வியப்பில்லை. படம் வெளிவந்தபோது ஜப்பானிய விமர்சகர்கள் பலரும் ஏறத்தாழ அவரைப் போலத்தான் நடந்துகொண்டார்கள். அன்று புகழ்பெற்றிருந்த பாடகியும் நடிகையுமான மொமோயே யமகுச்சி நடித்த ஒரு காதல் படத்துடன் இரட்டைக் காட்சியாகத் திரையிடப்பட்ட இதை ஓடவைத்தவர்கள் பதின்வயதுப் பிள்ளைகள். பிறகு நெடுங்காலம் ஜப்பானுக்கு வெளியே இதை அறிந்தவர்கள் மிகச் சிலரே. 2009, 2010 ஆண்டுகளில் அமெரிக்கத் திரையரங்குகளில் சுற்றுக்கு வந்து, நள்ளிரவுக் காட்சிகளில் பேர் வாங்கி, நல்ல பிரதியாக வட்டிலும் வெளியான பிறகுதான் அதன் துண்டுகள் சமூக ஊடகங்களில் பரவத் தொடங்கின.

அது ஏன் அவ்வளவு எளிதாகத் துண்டுகளாகிறது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. இயக்குநர் நொபுஹிகோ ஓபயாஷி அதற்கு முன்பு விளம்பரப் படங்கள் எடுத்தவர். ‘மாண்டம்’ என்ற ஆண்களுக்கான ஒப்பனைப் பொருளுக்காக ஹாலிவுட் நடிகர் சார்லஸ் பிரான்சனை வைத்து 1970இல் அவர் எடுத்த விளம்பரம் ஜப்பானில் மிகவும் புகழ்பெற்றது. அரை நிமிடத்தில் பார்ப்பவரைப் பிடித்து நிறுத்தக் கற்றவரின் கை, 88 நிமிடப் படம் எடுக்கும்போதும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. ஒவ்வொரு காட்சியும் தனக்கென்று ஒரு வித்தையை வைத்துக்கொண்டு நிற்கிறது. நாற்பது ஆண்டுகள் கழித்துக் கைப்பேசித் திரையில் விரலால் தள்ளிக்கொண்டே போகிறவர்களை அந்த வித்தைதான் நிறுத்துகிறது. உங்களையும் அதுவே நிறுத்தியிருக்கிறது.

ஸ்பீல்பெர்க்கின் சுறாப் படத்தின் வெற்றியைக் கண்ட தோஹோ என்ற ஜப்பானியப் படத் தயாரிப்பு நிறுவனம், அதுபோல ஒன்று வேண்டும் என்று ஓபயாஷியிடம் கேட்டது. அவர் பெரியவர்களிடம் யோசனை கேட்காமல், பள்ளியில் படித்துக்கொண்டிருந்த தம் மகள் சிகுமியிடம் கேட்டார். கண்ணாடியில் தெரியும் உருவம் வெளியே வந்து தின்றுவிட்டால்? பியானோக் கட்டைகள் விரலைக் கவ்விக்கொண்டால்? கிணற்றில் குளிரப் போட்ட தர்ப்பூசணியை மேலே இழுத்தால் அது தலையாக இருந்தால்? இப்படிக் குழந்தையின் அச்சங்களைக் கோத்து எழுதப்பட்ட கதையைத் தோஹோவின் சொந்த இயக்குநர்கள் எவரும் எடுக்க முன்வரவில்லை. இரண்டு ஆண்டுகள் கிடப்பில் கிடந்தது. புரியும்படியான படங்களை எடுத்து நட்டப்பட்டு அலுத்துப்போன நிறுவனம், புரியாத இதையாவது எடுத்துப் பார்க்கட்டும் என்று வெளியாளான அவரிடமே கடைசியில் விட்டுவிட்டது என்பதை ஓபயாஷியே பின்னாளில் வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறார்.

விட்டலாச்சார்யாவை நான் குறைத்துப் பேச மாட்டேன். என் சிறுவயதுப் பயங்களில் பாதி அவர் கொடுத்தவை. ஆனால் அவருடைய தந்திரக் காட்சிகள் நம்மை நம்பவைக்க முயல்பவை. நாம் நம்பாதபோது அவை தோற்றுப்போகின்றன. ஓபயாஷியோ நம்பவைக்க முயல்வதே இல்லை. வானம் தீட்டிய திரை என்று தெரிகிறது, வெட்டி ஒட்டிய உருவத்தின் ஓரம் பிசிறாகத் தெரிகிறது. ஒரு குழந்தை கத்தரிக்கோலும் பசையும் கொண்டு செய்ததுபோல அது இருக்க வேண்டும் என்பதே அவர் நோக்கம்.

இனி அந்தத் துக்கத்துக்கு வருகிறேன். ஏழு மாணவிகள் விடுமுறைக்குப் பெரியம்மாவின் வீட்டுக்குப் போகிறார்கள் அல்லவா? போகும் வழியில் அந்தப் பெரியம்மாவின் கதையை ஒருத்தி தோழிகளுக்குச் சொல்கிறாள். அந்த இடத்தில் படம் பழுப்பேறிய ஊமைப் படமாக மாறிவிடுகிறது. மணம் பேசப்பட்ட இளைஞன் போருக்கு அழைக்கப்படுகிறான், திரும்பி வருவேன் என்று சொல்லிப் போனவன் வரவில்லை, அவள் காத்திருக்கிறாள். கதை கேட்கும் பெண்கள் ஒரு பழைய திரைப்படத்தைப் பார்ப்பதுபோல, அழகாக இருக்கிறான், பாவமாக இருக்கிறது என்று கலகலவென்று பேசிக்கொண்டே பார்க்கிறார்கள். அணுகுண்டின் காளான் மேகம் திரையில் எழும்போது, பஞ்சுமிட்டாய்போல இருக்கிறது என்கிறாள் ஒருத்தி. சில நொடிகளில் கடந்துபோகும் அந்த வரியில்தான் முழுப்படமும் நிற்கிறது என்பது என் எண்ணம். போர் முடிந்த பின் பிறந்து, அதைக் கதையாக மட்டுமே அறிந்த அந்தப் பெண்களை ஓபயாஷி வில்லிகளாக்கவில்லை. அவர்கள் அன்பானவர்கள், கபடமற்றவர்கள். ஆனால் காத்திருந்தே செத்துப்போன அந்த வீட்டுக்காரிக்கு, மணமாக வேண்டிய வயதில் சிரித்துக்கொண்டு உள்ளே நுழைகிற ஒவ்வொருத்தியும் தனக்கு மறுக்கப்பட்ட வாழ்க்கையாகத் தெரிகிறாள். அவள் அவர்களைத் தின்பது பசியால் மட்டும் அன்று. கன்னிப் பெண்களைத் தின்றால்தான் அவள் மணப்பெண் உடை அணிய முடியும்.

ஓபயாஷி 1938இல் ஹிரோஷிமா மாகாணத்தின் ஓனோமிச்சி என்ற துறைமுக ஊரில் பிறந்தவர். குண்டு விழுந்தபோது அவருக்கு ஏழு வயது. புற்றுநோயோடு போராடிக்கொண்டே தம் கடைசி ஆண்டுகளில் அவர் எடுத்த ‘ஹனகதாமி’யும், அதன் பின் வந்த ‘லேபிரிந்த் ஆஃப் சினிமா’வும் வெளிப்படையாகப் போரைப் பற்றிய படங்கள். அவற்றைப் பார்த்துவிட்டு ‘ஹவுஸு’க்குத் திரும்பினால், அந்த வீட்டில் வரும் பூனையின் பச்சைக் கண்களுக்குப் பின்னால் என்ன இருந்தது என்பது சட்டென்று விளங்கும். 2020 ஏப்ரல் 10 அன்று அவர் இறந்தார். அந்தக் கடைசிப் படம் ஜப்பானில் வெளியாவதற்கு முதலில் குறிக்கப்பட்டிருந்த நாளும் அதுவே.

ஆகவே, நல்ல படமா என்ற உங்கள் கேள்விக்கு, தயக்கமின்றி ஆம் என்பேன். அதற்காக அதன் குறைகளை மறைக்க வேண்டியதில்லை. பெண்களைத் தேடி வரும் பள்ளி ஆசிரியரின் பயணத்தில் வரும் நகைச்சுவை எனக்கு ஒருமுறைகூடச் சிரிப்பு வரவழைத்ததில்லை. கூச்சல் மிகுந்த சில இடங்களில் எனக்கும் தலை வலித்தது. அந்த அரை நிமிடத் துண்டைப் பழிப்பதற்கும் ஒன்றுமில்லை. அதில்லாமல் திருச்சியில் இருக்கும் உங்களுக்கு இந்தப் படம் வந்து சேர்ந்திருக்காது. அதில் அடங்காமல் போனது காத்திருப்பு மட்டுமே. காத்திருப்பைக் காட்ட நேரம் வேண்டும். பியானோ வாசிக்கும் பெண் அந்த ஒரே மெட்டைத் திரும்பத் திரும்ப வாசிப்பதைக் கவனித்திருப்பீர்கள். முழுப் படத்தையும் பார்த்ததால்தான் அது உங்கள் மனத்தில் இரண்டு நாட்கள் தங்கியிருக்கிறது.

அண்ணனை மறுபடியும் உட்காரவைக்க முடிந்தால், பேய்களை விட்டுவிட்டு அந்தப் பழுப்புநிறப் பகுதியை மட்டும் போட்டுக் காட்டுங்கள். பஞ்சுமிட்டாய் வரி வரும்போது அவர் முகத்தைப் பாருங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.