லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள வாடகைத்தாய்க்கு அனுப்ப, உங்கள் உறைந்த கருவைச் சென்னை கிளினிக் தர மறுக்கிறதா?

தர மாட்டார்கள். 2021 ஏ.ஆர்.டி. (செயற்கைக் கருத்தரிப்பு) சட்டம், 29ஆம் பிரிவு: சொந்தக் கருவை, சொந்தத் தேவைக்கு அனுப்புவதானாலும் தேசிய வாரியத்தின் அனுமதி வேண்டும். அது இல்லாமல் கைமாற்றினால் குற்றம். லாஸ் ஏஞ்சல்ஸுக்கு கூரியர் புக் பண்ணியாச்சு என்கிறீர்கள், அது இரண்டாவது வேலை.

பெரும்பாலும் யாருமே விண்ணப்பித்திருக்க மாட்டார்கள். அனுப்ப ஏற்பாடு செய்யும் ஏஜென்ட் பார்த்துக்கொள்வார் என்று கிளினிக் இருக்கும், கிளினிக் பார்த்துக்கொள்ளும் என்று ஏஜென்ட் இருப்பார். நாளைக்கே கேளுங்கள்: வாரியத்துக்கு விண்ணப்பம் போயிருக்கிறதா, நகல் எங்கே? "ஒரு டிக்ளரேஷன் போதும் சார்" என்கிற ஏஜென்ட் பக்கமே போகாதீர்கள்.

காத்திருக்கும் நேரத்தில் கிளினிக்கின் எம்ப்ரியாலஜிஸ்டிடம் (கருவை லேபில் கவனிக்கும் நிபுணர்) ஒரு தாள் எழுதி வாங்குங்கள். எத்தனையாவது நாள் கரு, எந்த ஸ்ட்ரா (கரு இருக்கும் மெல்லிய குழாய்), எந்த மீடியாவில் (கரைசலில்) உறைய வைத்தது. உருக்கும் முறை அதற்குப் பொருந்த வேண்டும், அதனால் அமெரிக்க லேப் அதைப் பார்த்துவிட்டுத்தான் சரி சொல்லும்.

கூரியரிடம் டிரை ஷிப்பரில் (திரவ நைட்ரஜனால் குளிர்ந்திருக்கும் கலம்) வெப்பநிலையைப் பதியும் டேட்டா லாகர் இருக்கிறதா, விமான நிலையத்தில் எக்ஸ்ரே இல்லாமல் கையால் சோதிக்க ஏற்பாடு உண்டா என்று கேளுங்கள். ஷிப்பர் நிமிர்ந்தே போக வேண்டும். சாய்ந்து கிடந்தால் நைட்ரஜன் சீக்கிரம் தீரும்.

சுமப்பவர் வாடகைத்தாய் என்பதால் அங்கே உங்கள் இருவரின் எச்ஐவி, ஹெபடைடிஸ், சிஃபிலிஸ் ரிப்போர்ட்டுகளும் கேட்பார்கள். இங்கே எடுத்தது செல்லுமா என்று முன்கூட்டியே விசாரியுங்கள்.

கருமுட்டை டோனருடையது என்றால் நான் மேலே சொன்னது அப்படியே பொருந்தாது. சட்டம் "சொந்த" என்கிறது, வக்கீலிடம் காட்டிவிட்டு விண்ணப்பியுங்கள்.