கேள்வி – பதில்: பக்கத்தின் அடியில் பாருங்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றியே வந்தன. மற்றவற்றை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: இணையத்தில் எதைத் தேடினாலும் ஒரே அச்சில் வார்த்த கட்டுரைகளே வந்து நிற்கின்றன. தனி மனிதர்கள் தங்களுக்குப் பிடித்ததை எழுதும் வலைப்பூக்களை எங்கே போய்க் கண்டுபிடிப்பது?

சென்ற ஆண்டு என் பழைய தட்டச்சுப் பொறியில் ரிப்பன் நகராமல் நின்றுவிட்டது. தேடுபொறியில் ஆங்கிலத்தில் கேட்டேன். முதல் பத்து முடிவுகளும் ‘தட்டச்சுப் பொறியைப் பராமரிக்க ஏழு வழிகள்’ ரகம். எழுதியவர் யாரும் தட்டச்சுப் பொறியைத் தொட்டதே இல்லை என்பது இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிட்டது. முப்பது ஆண்டுகள் மெய்ப்புத் திருத்தியவன் நான். விஷயம் தெரியாதவர் எழுதும் வாக்கியம் எங்கும் தட்டாமல் வழுக்கிக்கொண்டே போகும். தெரிந்தவர் எழுதினால் நடுவில் ஓரிடத்திலாவது தடுக்கும்.

பிறகு கேள்வியை மாற்றினேன். பழுது பார்த்துத் திண்டாடிய ஒருவர் எந்த வார்த்தைகளில் புலம்பியிருப்பார் என்று யோசித்து அதையே தட்டினேன். ‘மூன்றாவது முறை கழற்றியபோது’, ‘ஸ்பிரிங் எகிறிப் போயிற்று’ என்கிற மாதிரி, மேற்கோள் குறிகளுக்குள். வந்தது ஒரே ஒரு பக்கம். வெளிர்பச்சைப் பின்னணி, விளம்பரம் ஒன்றுகூட இல்லை, புகைப்படங்களில் பாதியை எழுதியவரின் கட்டைவிரல் மறைத்திருந்தது. ஸ்பிரிங் அலமாரிக்கு அடியில் ஓடி ஒளிந்துகொண்டதையும், டார்ச் விளக்கோடு நாற்பது நிமிடம் தரையில் படுத்துக் கிடந்ததையும் எழுதிவிட்டுத்தான் மனிதர் பழுதுக்கே வருகிறார். ரிப்பன் சக்கரத்தைத் தள்ளுகிற சின்னக் கொக்கியில் பழைய எண்ணெய் உறைந்து பிசினாகிவிட்டிருக்கும். துடைத்தெடுங்கள், புதிதாக எண்ணெய் மட்டும் விட்டுவிடாதீர்கள் என்கிறார். என் பொறியிலும் அதே கொக்கி, அதே பிசின்.

நான் சொல்ல வந்தது அதற்குப் பிறகு நடந்தது. மெய்ப்புப் பார்க்கும்போது கடைசி வரிகளை இருமுறை படிப்பது என் வழக்கம். கண் களைத்த இடத்தில்தான் பிழை ஒளிந்திருக்கும். அந்தப் பழக்கத்தில் பக்கத்தின் அடிவரை போனேன். அங்கே ‘நான் படிப்பவர்கள்’ என்று சின்ன எழுத்தில் ஒரு பட்டியல். பதினான்கு சுட்டிகள். ஐந்து திறக்கவே இல்லை. இரண்டு முகவரிகளை யாரோ வாங்கிச் சூதாட்ட விளம்பரம் போட்டிருந்தார்கள். ஒன்று 2011ஆம் ஆண்டோடு நின்றிருந்தது. கடைசி இடுகையில் ‘இனி தவறாமல் எழுதுவேன்’ என்ற உறுதிமொழி வேறு.

மிச்சமிருந்த ஆறில் இரண்டு என் தூக்கத்தைக் கெடுத்தன. ஒன்று, கிழிந்த புத்தகங்களுக்குத் தையல் போட்டுக் கட்டுகிற பெண்மணி எழுதுவது. எந்த நூலை எந்தத் துளை வழியாக விட வேண்டும் என்பதற்கே மூன்று இடுகைகள். இன்னொன்று தேனீ வளர்ப்பவருடையது. தினமும் காலையில் தேன்கூட்டுப் பெட்டியை நிறுத்துப் பார்த்து எடையைக் குறிக்கிறார். ‘300 கிராம் குறைவு. மழை.’ அன்றைய இடுகை அவ்வளவுதான். இதை யார் படிப்பார்கள் என்று நினைத்தபடியே இரண்டு ஆண்டுக் குறிப்புகளைப் படித்து முடித்தபோது மணி ஒன்றரை.

ஆகவே என் வழி இதுதான்: பிடித்த ஒருவர் கிடைத்தால், அவர் யாரைப் படிக்கிறார் என்று பாருங்கள். இது புதிய உத்தியும் இல்லை. ஜோர்ன் பார்கர் என்பவர் 1997இல் தன் தளத்தை ‘வெப்லாக்’ (வலைக் குறிப்பேடு) என்று அழைத்தபோது அதில் இருந்தவை பெரும்பாலும் அன்றன்று அவர் கண்ட பக்கங்களுக்கான சுட்டிகள். ‘இதைப் பாருங்கள்’ என்று அடுத்தவருக்குக் கைகாட்டுவதற்காகப் பிறந்த வடிவம் இது. சொந்தக் கதை பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. 1999இல் பீட்டர் மெர்ஹோல்ஸ் அந்தச் சொல்லை விளையாட்டாக ‘வீ பிளாக்’ (நாங்கள் பிளாக் எழுதுகிறோம்) என்று உடைத்து எழுத, ‘பிளாக்’ என்ற வால் மட்டும் நிலைத்துவிட்டது. நாம் வலைப்பூ என்பது அதைத்தான்.

முதல் ஆளே கிடைக்காவிட்டால்? அதற்கும் இடங்கள் உண்டு. மார்ஜினாலியா என்றொரு தேடுபொறி. சுவீடனில் ஒரே ஒருவர் 2021இல் தொடங்கியது. எழுத்து மிகுந்து அலங்காரம் குறைந்த பக்கங்களை முன்னே தள்ளும். விபி என்பது இன்னொன்று. பழைய பாணிப் பக்கங்களை மட்டும் சேர்த்து வைத்திருக்கிறது. எதையும் தேடாமல் ‘வியப்பூட்டு’ என்கிற பொருளில் உள்ள சுட்டியை அழுத்தினால் எங்காவது கொண்டுபோய் விடும். எனக்கு அதிகம் பயன்பட்டது ஊ டைரக்டரி. பெயர் விநோதம்தான், வியப்பில் வாய் குவிகிற சத்தம். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வலைப்பூக்களைத் துறைவாரியாக அடுக்கியிருக்கிறார்கள். 2022இல் இதைத் தொடங்கிய பில் கைஃபோர்ட், சாமுவேல் பீப்ஸ் என்ற இலண்டன்வாசி 1660இல் எழுதத் தொடங்கிய நாட்குறிப்பை, 2003 முதல் நாளுக்கு ஒரு பதிவாக வலைப்பூ வடிவில் வெளியிட்டவர். ஒன்பது ஆண்டுக் குறிப்பைத் தேதி தவறாமல் முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். இப்படிப்பட்ட ஆள் தொகுத்த பட்டியலை நான் நம்புவேன்.

கேள்வி: வலைப்பூக்களின் காலம்தான் முடிந்துவிட்டதே? இன்னும் யார் எழுதுகிறார்கள்?

தேனீக்காரர் இன்று காலையும் எழுதியிருக்கிறார். முடிந்துபோனது அறிவிப்புப் பலகைகளின் காலம். தமிழில் 2004இல் தொடங்கிய தமிழ்மணம் திரட்டியைத் திறந்தாலே அன்றைக்கு யார் என்ன எழுதினார்கள் என்று தெரிந்துவிட்ட நாட்கள் இருந்தன. பிடித்த வலைப்பூக்களின் புதிய இடுகைகளை ஓரிடத்தில் காட்டிவந்த கூகுள் ரீடர் 2013 ஜூலை 1ஆம் தேதி நிறுத்தப்பட்டது. பலகைகள் இறங்க இறங்க, வாசகர்கள் சமூக ஊடகங்களின் பக்கம் நகர்ந்தார்கள். எழுதுகிறவர்களில் பலர் தங்கள் இடத்திலேயே இருக்கிறார்கள். நமக்குத் தெரிவிக்க ஆள் இல்லை.

கேள்வி: ‘ஓடை’ என்கிறார்களே, அது என்ன? எனக்குப் புரிகிற மாதிரி சொல்ல முடியுமா?

நீங்கள் பாட்காஸ்ட் கேட்பவர் என்றால் ஏற்கெனவே அதைப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறீர்கள். பெரும்பாலான வலைப்பூக்கள் தங்கள் புதிய இடுகைகளின் பட்டியலை ஒரு கோப்பாக வைத்திருக்கும், அதுதான் ஓடை. ஆர்.எஸ்.எஸ். என்ற அந்த வடிவம் நெட்ஸ்கேப் நிறுவனத்திலிருந்து 1999இல் வந்தது. ஃபீட்லி, இனோரீடர், நெட்நியூஸ்வயர் போன்ற வாசிப்பான் ஒன்றில் வலைப்பூவின் முகவரியைக் கொடுத்துவிட்டால், அது அவ்வப்போது போய் அந்தக் கோப்பைப் பார்த்துப் புதிதாக வந்ததை எடுத்து வந்து வைக்கும். நூறு வீட்டுக் கதவை நாம் தினமும் தட்ட வேண்டியதில்லை.

ஆரஞ்சு நிறச் சதுரத்துக்குள் ஒரு புள்ளியும் இரண்டு வளைவுகளும் தெரிந்தால் அதுதான் அடையாளம். பல பக்கங்களில் அது இருக்காது. அதற்காக ஓடையும் இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் இயங்கும் வலைப்பூ என்றால் முகவரியின் முடிவில் ஒரு சாய்கோடு போட்டு ‘ஃபீட்’ என்ற ஆங்கிலச் சொல்லைச் சேர்த்துப் பாருங்கள், பெரும்பாலும் திறக்கும்.

ஒரே ஓர் எச்சரிக்கை. கண்டதையெல்லாம் சேர்க்காதீர்கள். நான் ஆர்வக்கோளாறில் முதல் மாதமே இருநூறு சேர்த்தேன். தினமும் ஒன்பது இடுகை போடுகிற செய்தித் தளங்களுக்கு நடுவே, மாதம் ஒருமுறை எழுதுகிற புத்தகத் தையல்காரம்மா தொலைந்தே போனார். இப்போது முப்பத்தெட்டு. அடிக்கடி எழுதுபவர்களைத் தனி அடுக்கில் தள்ளிவிட்டேன்.

கேள்வி: பல ஆண்டுகளாகப் படித்துவந்த வலைப்பூ ஒரு நாள் காணாமல் போய்விட்டது. எழுதியவர் யாரென்றும் தெரியாது. ஏதாவது வழி உண்டா?

முகவரி நினைவிருந்தால் உண்டு. இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற அமைப்பு 1996இலிருந்து இணையப் பக்கங்களைப் படியெடுத்துச் சேமித்துவருகிறது. 2001 முதல் அதன் வேபேக் மெஷின் என்ற தளம் வழியாக யாரும் பார்க்கலாம். பழைய முகவரியைக் கொடுத்தால், எந்தெந்தத் தேதியில் படியெடுத்தார்கள் என்று நாட்காட்டியில் காட்டும். படங்கள் பல இடங்களில் வெள்ளைக் கட்டமாகத்தான் கிடக்கும். எழுத்து கிடைத்தால் போதும் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

2009இல் ஜியோசிட்டீஸ் என்ற இலவச வலைப்பக்கச் சேவை மூடப்பட்டபோது இலட்சக்கணக்கான தனி மனிதர்களின் பக்கங்கள் ஒரே வீச்சில் போயின. ஆர்வலர்கள் ஓடிப்போய் இயன்றவரை படியெடுத்தார்கள். அந்தச் சேதி தெரிந்தும் நான் திருந்தவில்லை. மிகவும் பிடித்திருந்த ஓர் இடுகை, கப்பலில் வானொலித் தந்தி அனுப்பிய ஒருவர் நள்ளிரவின் இரைச்சலைப் பற்றி எழுதியது, எங்கும் சேமிக்காமல் விட்டேன். முகவரியையும் குறிக்கவில்லை. ‘மற்றவர் தூங்கும்போது காதால் விழித்திருந்தேன்’ என்கிற பொருளில் ஒரு வரி மட்டும் நினைவில் நிற்கிறது. அதை வைத்து எத்தனையோ முறை தேடிவிட்டேன். அதற்குப் பிறகுதான் வேபேக் மெஷினிலேயே ‘இந்தப் பக்கத்தைச் சேமி’ என்றொரு வசதி இருப்பதைக் கவனித்தேன். பிடித்த இடுகை எதுவானாலும் அதில் போட்டுவிடுகிறேன்.

கேள்வி: பின்னூட்டப் பெட்டியே இல்லாத வலைப்பூவில் எழுதியவருக்கு நன்றி சொல்வது எப்படி? முன்பின் தெரியாதவருக்கு மின்னஞ்சல் அனுப்புவது அநாகரிகம் இல்லையா?

மின்னஞ்சல் முகவரியை அவரே போட்டிருந்தால் தாராளமாக அனுப்புங்கள். ‘அருமை, தொடருங்கள்’ என்று மட்டும் எழுதாதீர்கள். எந்த இடுகை, எந்த வரி என்று குறிப்பிடுங்கள். புத்தகத் தையல்காரம்மாவுக்கு நான் நாலே வரி எழுதினேன். ஓர் இடுகையில் துளைகளின் எண்ணிக்கை படத்தில் ஐந்தாகவும் எழுத்தில் ஆறாகவும் இருப்பதையும் சொன்னேன் (தொழில் புத்தி, விடுமா?). பதினொரு வாரம் கழித்துப் பதில் வந்தது. ஐந்துதான் சரியாம். அந்த இடுகையை நாலு ஆண்டுகளில் முழுசாகப் படித்தது நீங்கள் ஒருவர்தான் போலிருக்கிறது என்று எழுதியிருந்தார்.

கேள்வி: யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்றால் அதையெல்லாம் நம்பலாமா?

ஸ்பிரிங் எகிறியதை நம்பலாம். மருந்து, முதலீடு இரண்டுக்கும் அங்கே போகாதீர்கள்.

கேள்வி: இவ்வளவு சொல்கிறீர்களே, நீங்கள் வலைப்பூ எழுதுவதுண்டா? முகவரி தருவீர்களா?

எழுதினேன். நாற்பத்தொரு இடுகைகள், பெரும்பாலும் அச்சுப்பிழைகளைப் பற்றி. கடைசி இடுகை ஒற்றுப்பிழைகளைப் பற்றியது. ‘இதன் தொடர்ச்சி அடுத்த வாரம்’ என்று முடிகிறது. அது வெளியாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. தொடர்ச்சியை எழுதி முடித்ததும் முகவரி தருகிறேன்.