தராசைப் பிரித்த பெண்ணுக்கு எந்தப் படிப்பு?

தேவகோட்டை ஆச்சிக்கு,

மகளை எந்தப் படிப்பில் சேர்க்கலாம் என்று கேட்டு எழுதியிருந்தீர்கள். நகையை அடகு வைத்தாவது நிர்வாக ஒதுக்கீட்டில் கம்ப்யூட்டர் சயின்ஸ் வாங்கிவிடலாம் என்கிறார் அம்மான். வேண்டாம். மகள் கேட்காத படிப்புக்கு நீங்கள் வட்டி கட்டக் கூடாது. அந்தப் படிப்பின் பெருமையைச் சொல்ல ஊரே இருக்கிறது; நான் எதற்கு?

கடையின் மின்தராசைப் பிரித்துப் போட்டாள் என்று குறைப்பட்டிருக்கிறீர்களே, எனக்கு அதுதான் முக்கியம். உள்ளே இருப்பது ஓர் அலுமினியக் கட்டை. எடை ஏறினால் இம்மியளவு வளையும். மேலே ஒட்டிய உணரியின் மின்தடை மாறும். அது எண்ணாகத் தெரியும். இதே கட்டையைச் சிலிக்கான் நைட்ரைடு என்ற கடினமான பொருளில், 200 மைக்ரான் நீளம் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), ஒரு மைக்ரானுக்கும் குறைந்த தடிமன் என்று நுண்ணிய நெம்புகோலாகச் செய்து, வளைவை லேசரால் பார்த்தால், ஒற்றைப் புரதத்தின் மடிப்பு அவிழும் விசையையே அளக்கலாம். இதய செல் எவ்வளவு இழுக்கிறது, புற்று செல் எவ்வளவு மெத்தென்று இருக்கிறது என்பதெல்லாம் இந்த நுண் நெம்புகோல் துறைதான்.

மெல்லிய நெம்புகோல் 1 நானோமீட்டர், அதாவது மைக்ரானில் ஆயிரத்தில் ஒரு பங்கு, வளைந்தால் அதன் மேல் விசை சுமார் 10 பிக்கோநியூட்டன்; ஒரு பிக்கோநியூட்டன் என்பது நியூட்டனில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. அறைவெப்பமே அதை 0.6 நானோமீட்டர் ஆட்டும். தடிமன் 10 சதவீதம் கூடினால் விறைப்பு 33 சதவீதம் கூடிவிடும். அதனால் ஒவ்வொன்றையும் தனியாக அளவுதிருத்த வேண்டும், அதற்கு அந்த வெப்ப ஆட்டமே உதவும். கழுவிச் சும்மா காயவிட்டால் நீரின் பரப்பு இழுவிசை அதை அடித்தளத்தோடு ஒட்டவைத்துவிடும். அதனால் நீருக்குப் பதில் கரியமில வாயுவை நிரப்பி, 31 டிகிரி, 73 வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் கொண்டுபோய், இழுக்கும் திரவப் பரப்பே இல்லாமல் உலர்த்துவார்கள். பொறுமையும் கைநேர்த்தியும் உள்ளவர்களுக்கான வேலை.

வழி உள்ளூரிலேயே தொடங்குகிறது. காரைக்குடி அரசுக் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல், பிறகு எம்.எஸ்சி. சேர்க்கைக்கான ஜாம் நுழைவுத் தேர்வு எழுதி ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. அல்லது அழகப்பா அரசுப் பொறியியல் கல்லூரியில் இ.சி.இ. (மின்னணு, தகவல் தொடர்புப் பொறியியல்), பிறகு மேற்படிப்புக்கான கேட் நுழைவுத் தேர்வு எழுதி பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி.யின் (இந்திய அறிவியல் கழகம்) நானோ மையம். ஆய்வில் சேர்ந்து ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வு நிதியுதவி கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. ஆனால் இளநிலைப் பட்டத்தோடு நிறுத்தினால் இந்தத் துறையில் வேலை அரிது. அதை அவளிடம் மறைக்காதீர்கள்.

முதலில் ஒரு சோதனை. 30 செ.மீ. பிளாஸ்டிக் ஸ்கேலை மேசை விளிம்பில் நீட்டி அழுத்திப் பிடித்து, நுனியில் நாணயங்களை ஒட்டி, எவ்வளவு தாழ்கிறது என்று அளக்கட்டும். நீட்டலைப் பாதியாக்கினால் தாழ்வு எட்டில் ஒரு பங்காக வேண்டும். வராது, ஸ்கேல் தன் எடையால் தொங்குவதைக் கழித்திருக்க மாட்டாள், பிடியும் தளர்ந்திருக்கும். ஏன் வரவில்லை என்று அவளே தேடினால் இயற்பியலில் சேருங்கள். சலித்துக்கொண்டால் வேறு பேசலாம். எதுவானாலும் அதுவரை அம்மான் சொல்லும் கல்லூரிக்கு முன்பணம் கட்டாதீர்கள்.