கரண்ட் வைக்கும் முன் தினமும் ஸ்கேன் எதற்கு?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 58. நாக்கின் அடிப்பகுதியில் புற்றுநோய். 35 நாள் கரண்ட் வைக்க வேண்டும்; 18 முடிந்திருக்கிறது. தினமும் சிகிச்சைக்கு முன் மெஷினிலேயே ஒரு ஸ்கேன் எடுக்கிறார்கள். அந்தக் கதிர்வீச்சு கெடுதல் இல்லையா? எடை 6 கிலோ குறைந்து, சிகிச்சையின்போது தலை அசையாமல் இருக்க முகத்தில் மாட்டும் மாஸ்க் தளர்ந்துவிட்டது. மறுபடி சிடி எடுத்துப் புது மாஸ்க் செய்ய வேண்டுமாம். அவசியமா, பில்லுக்காகவா?

பதில்: ஸ்கேன் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். கழுத்துக்கு எடுக்கும் இந்த கோன் பீம் சிடியில் ஒரு தடவைக்குச் சேர்வது சில மில்லிகிரே (கிரே என்பது உடலில் சேரும் கதிர்வீச்சின் அளவு). அதே நாளில் கட்டிக்குப் போவது 2 கிரே, அதாவது 2,000 மில்லிகிரே. 35 ஸ்கேனையும் கூட்டினால்கூட ஒரு நாள் சிகிச்சையைத் தொடாது. இந்தக் கவலையை விட்டுவிடுங்கள்.

கழுத்தில் எல்லாமே நெருக்கியடித்துக்கொண்டு இருக்கிறது. கட்டிக்கு மொத்தம் 70 கிரே போக வேண்டும். சில சென்டிமீட்டர் பின்னால் ஓடும் தண்டுவடத்துக்கு 45 கிரேயை ஒட்டியே கோடு கிழித்துவிடுவோம். குறிவைத்த பகுதியைச் சுற்றி நாங்கள் கூடுதலாக விடும் விளிம்பு 3 முதல் 5 மில்லிமீட்டர்தான். அப்பா தாடையை ஒரு நூல் தூக்கிப் படுத்தால் அதில் பாதி போய்விடும்.

அதற்காகத்தான் அந்த ஸ்கேன். அன்றைய படத்தை, ஆரம்பத்தில் திட்டம் போட எடுத்த சிடியின் மேல் வைத்து, கழுத்து எலும்பும் தாடையும் பொருந்துகின்றனவா என்று டெக்னீஷியன் பார்ப்பார். 2 மில்லிமீட்டர் விலகல் என்றால் கட்டிலை நகர்த்திச் சரிசெய்வார். ஆனால் மேல் எலும்பு பொருந்தி, கீழ் எலும்பு விலகி நின்றால் கழுத்து வளைந்திருக்கிறது என்று பொருள். அதைக் கட்டிலால் நிமிர்த்த முடியாது. அப்பாவை எழுப்பி மறுபடி படுக்கவைக்க வேண்டும்.

எடை குறைவதும் அப்படித்தான். கட்டி சுருங்கும், கன்னம் ஒட்டும், காதடி உமிழ்நீர்ச் சுரப்பி சிறுத்து உள்பக்கம் நகரும். அந்தச் சுரப்பிக்குச் சராசரியாக 26 கிரேக்குள் நிறுத்தப் போட்ட திட்டம் அன்றைய முகத்துக்கு எழுதியது. இன்றைய முகம் வேறு. தளர்ந்த மாஸ்கும் தலையைப் பிடித்து நிறுத்தாது. 6 கிலோ என்று கேட்டதும் நானும் புது மாஸ்குக்கே போயிருப்பேன்.

சந்தேகம் இருந்தால் மருத்துவரிடம், "ஆரம்பத்தில் எடுத்த படத்தையும் இன்றைய படத்தையும் சேர்த்துக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். தோலுக்கும் மாஸ்குக்கும் நடுவே கறுப்பாக இடைவெளி தெரியும். கட்டணம் எவ்வளவு, காப்பீட்டில் வருமா என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம். அதில் கூச்சம் வேண்டாம்.

எனக்குள்ள கவலை வேறு. "புது மாஸ்க் வரும்வரை வீட்டில் இருக்கட்டும்" என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். சிகிச்சை ஒரு நாள் நீண்டாலே கட்டி கட்டுப்படும் வாய்ப்பு சுமார் 1% குறைகிறது. புதுத் திட்டம் தயாராகும்வரை பழையதிலேயே தொடரலாமா என்று மருத்துவர் சொல்வார்.

புது மாஸ்க் செய்யும் நாளில் தாடியை மழித்து, பல்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு அழைத்துப் போங்கள். கடைசி நாள்வரை தாடி அப்படியே மழித்திருக்கட்டும். விழுங்க முடியாததால்தான் எடை இறங்குகிறது என்றால், மூக்குவழி உணவுக்குழாயைப் பற்றி நாளைக்கே பேசுங்கள். இல்லாவிட்டால் இந்த மாஸ்கும் தளர்ந்துவிடும்.