மார்ட்டின் லூதர் கிங், மால்கம் எக்ஸ்: அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தில் யாருடைய வழி சரி?

பட்டிமன்றத் தலைப்பு மாதிரி இருக்கிறது. ஒரு பக்கம் கிங்கின் அகிம்சை, மறுபக்கம் மால்கமின் ஆவேசம். நான் இரண்டு அணியிலும் சேரவில்லை. தெருவில் நடந்துகொண்டே கோர்ட்டிலும் கேஸ் நடத்தியவர்கள் பக்கம்தான் என் ஓட்டு.

அலபாமாவின் மாண்ட்கோமரி நகரத்தையே பாருங்கள். 1955 டிசம்பர் 1 அன்று பஸ்ஸில் வெள்ளையருக்கு இடம் விட மறுத்து ரோசா பார்க்ஸ் கைதானார். அன்றிரவே ஜோ ஆன் ராபின்சன் என்ற கல்லூரி ஆசிரியை பஸ் ஏறாதீர்கள் என்று விடிய விடிய பல்லாயிரம் நோட்டீஸ் அடித்தார். அப்புறம் 381 நாள் கறுப்பின மக்கள் பஸ் ஏறவில்லை. வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் நடந்தே போனார்கள். கார் வைத்திருந்தவர்கள் முடிந்தவரை ஏற்றிப் போனார்கள்.

பஸ் கம்பெனிக்கு நல்ல அடி. ஆனாலும் நகர நிர்வாகம் மசியவில்லை. பஸ்ஸில் நிறம் பார்த்துப் பிரிக்கும் சட்டத்தைக் கவிழ்த்தது நான்கு பெண்கள் போட்ட வழக்கு. அவர்களில் கிளாடெட் கால்வின், ரோசா பார்க்ஸுக்கு ஒன்பது மாதம் முன்பே, 15 வயதில், இதே காரணத்துக்காகக் கைதானவர். 1956 நவம்பர் 13 அன்று, கார் ஏற்பாட்டுக்கு நகரம் தடை கேட்ட வழக்கில், போராட்டத்தை முன்நின்று நடத்திய கிங் கோர்ட்டில் உட்கார்ந்திருந்தபோது சேதி வந்தது: பஸ்ஸில் நிறம் பார்த்துப் பிரிப்பது செல்லாது, உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. (அதே நாளில் கார்களுக்குத் தடையும் கிடைத்தது. அது தனிக் கூத்து.)

வழக்கு மட்டும் போதுமா என்றால், அதுவும் இல்லை. பள்ளிகளில் நிறப் பிரிவினை கூடாது என்று 1954-லேயே தீர்ப்பு வந்தும் தென் மாநிலங்கள் வருஷக்கணக்கில் இழுத்தடித்தன.

சரி, மால்கம்? 1963-ல் அலபாமாவின் பர்மிங்காம் ஊர்வலத்தில் பிள்ளைகளை இறக்கியதற்காகக் கிங் தரப்பைக் கடுமையாகச் சாடியவர் அவர். ஆனால் 1965 பிப்ரவரி 4 அன்று, கிங் தரப்பு வாக்குரிமைக்காகப் போராடிக்கொண்டிருந்த அலபாமாவின் செல்மா ஊருக்குப் போனார். கிங் அப்போது சிறையில். அங்கிருந்த கொரெட்டா கிங்கிடம், உங்கள் கணவருக்குச் சிரமம் கொடுக்க வரவில்லை, இன்னொரு வழி என்னவென்று வெள்ளையர்களுக்குப் புரிந்தால் அவர் பேச்சைக் கேட்பார்கள் என்ற பொருளில் சொன்னார். 17 நாள் கழித்து நியூயார்க்கில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அகிம்சைக் கோடும் நாம் நினைப்பதுபோல நேர்க்கோடு இல்லை. 1956-ல் வீட்டில் குண்டு விழுந்த பிறகு கிங் வீட்டிலேயே துப்பாக்கிகள் இருந்தன. மிசிசிப்பியில் வாக்காளர் பதிவுக்காகக் கிராமம் கிராமமாகத் தங்கிய மாணவர்களுக்கு இடம் கொடுத்த விவசாயிகள் பலர், ராத்திரி துப்பாக்கியோடு காவல் இருந்தார்கள். எனக்கு அதிகம் பிடித்தது அந்த மாணவர்களின் வேலைதான்: கேமரா வராத ஊரில், மாதக்கணக்கில், ஒவ்வொரு வீடாக. 1965-ல் வாக்குரிமைச் சட்டம் வந்தது. மிசிசிப்பியில் ஓட்டுப் போடும் வயதுக் கறுப்பின மக்களில் வாக்காளராகப் பதிவு செய்திருந்தவர்கள் அதற்கு முன் 7 சதவீதம்கூட இல்லை. 1967-ல் கிட்டத்தட்ட 60 சதவீதம்.